சீட்டைக் கலைப்பது யார்? போக்கர் மேஜையிலிருந்து திரைக்குப் போன கதை

போக்கர் நம் வீடுகளில் ஆடி வந்த ஆட்டம் இல்லை. கல்யாண மண்டபத்தில் விடிய விடிய நடந்தது ரம்மி. திண்ணையில் ஆஸ், இருபத்தெட்டு. திருவிழாக் கூட்டத்தின் ஓரத்தில் மூணு சீட்டு, மங்காத்தா. போக்கரை நம்மில் பலர் சினிமாவில்தான் பார்த்திருப்போம். ஆனாலும் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைபேசிக்குப் பண ரம்மி வந்து சேர்ந்த பாதையைப் போட்டது போக்கர்தான்.

கிளப் ஹவுஸில் ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் உட்கார்ந்து சீட்டு ஆடுவதும் போனில் ஆடுவதும் ஒன்றுதானே என்று நம் குடியிருப்பிலேயே சிலர் கேட்கிறார்கள். சீட்டு அதே 52. விதிகளும் அதே விதிகள். வேறுபாடு எங்கே என்று தெரிந்துகொள்ள, போக்கரின் இருநூறு ஆண்டுச் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் இந்த ஆட்டம் உருவானது. அப்போது 20 சீட்டு மட்டும்தான்; நாலு பேருக்கு ஆளுக்கு ஐந்து என்று போட்டால் கட்டு தீர்ந்துவிடும். மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகள் அதை வடக்கே கொண்டுபோயின. பருத்தி விற்ற பணத்தோடு ஊர் திரும்பும் வியாபாரிகள், நாள் கணக்கில் படகுப் பயணம், பொழுது போக வேண்டும். இது போதாதா? தொழில்முறைச் சூதாடிகள் படகிலேயே குடியிருந்தார்கள். அவர்கள் மேல் ஊர் மக்களுக்கு இருந்த கோபம் சாதாரணமானதல்ல. 1835 ஜூலையில் விக்ஸ்பர்க் என்ற ஆற்றங்கரை ஊரில் பொதுமக்களே ஐந்து சூதாடிகளை விசாரணை இல்லாமல் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

ஆட்டம் எப்படி என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். கையில் வரும் சீட்டுகளைப் பார்த்து, நம் கை பலமா பலவீனமா என்று கணித்துப் பந்தயம் கட்ட வேண்டும். பிடிக்காவிட்டால் கவிழ்த்துவிட்டு விலகலாம். எல்லாரும் விலகிவிட்டால் மிஞ்சியவருக்கே நடுவில் சேர்ந்த பணம் முழுவதும். அவர் கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சரி. ஆகவே பாவ்லா காட்டுவதும், எதிராளி காட்டுவது பாவ்லாவா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதும்தான் ஆட்டத்தின் உயிர்.

முகத்தைப் பார்ப்பவர்கள் கையையும் பார்த்தார்கள். பார்க்க வேண்டிய அவசியமும் இருந்தது. மாஸ்கெலின் என்ற ஆங்கிலேய மாயவித்தைக்காரர் 1894-ல் சூதாட்ட மோசடிகளைப் பற்றி எழுதிய நூலில் ஒரு சம்பவம் வருகிறது. 1888-ல் சான் பிரான்சிஸ்கோவில் கெப்ளிங்கர் என்பவர் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருந்தார். கூட ஆடியவர்களும் கை தேர்ந்த ஏமாற்றுக்காரர்கள்தான். ஆனால் அவர் செய்வது என்ன என்று அவர்களாலேயே பிடிக்க முடியவில்லை. ஒருநாள் மூன்று பேர் சேர்ந்து அவரை அமுக்கிப் பிடித்துச் சோதனை போட்டார்கள். சட்டைக் கைக்குள் ஒரு சின்ன இயந்திரம். அதிலிருந்து ஒரு கயிறு உடம்பு வழியாக முழங்கால் வரை போகிறது. முழங்காலை விரித்தால் சீட்டு வெளியே வரும், சேர்த்தால் உள்ளே போய்விடும். பிடித்தவர்கள் என்ன தண்டனை கொடுத்தார்கள் தெரியுமா? எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று செய்து கொடு என்றார்கள்!

இந்த மாதிரி ஆட்கள் இருந்ததால்தான் மேஜைக்கென்று சில வழக்கங்கள் வந்தன. கலைத்தவர் கட்டை வைக்க வேண்டும், வேறொருவர் வெட்ட வேண்டும். சீட்டுப் போடும் வேலை ஆட்டத்துக்கு ஆட்டம் ஆள் மாறும். அடுத்து போடுபவர் யார் என்பதற்கு அடையாளமாக அவர் முன்னால் ஒரு பொருளை நகர்த்தி வைப்பார்கள். கட்டின் அடிச் சீட்டு தெரியக் கூடாது. பணம் எல்லார் கண்ணுக்கும் தெரிய மேஜை மேலேயே இருக்க வேண்டும். நம் ரம்மியிலும் வலப்பக்கம் இருப்பவர் வெட்டாமல் சீட்டு எடுக்க விடமாட்டோம். சும்மா சம்பிரதாயம் என்று நினைக்கிறோம், அது தணிக்கை.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். பெட்டக அறைக்கு இரண்டு சாவி; ஒன்று காசாளரிடம், ஒன்று அதிகாரியிடம். ஒருவர் மட்டும் திறக்க முடியாது. வவுச்சர் எழுதுபவர் வேறு, சரிபார்த்துக் கையெழுத்துப் போடுபவர் வேறு. ஒரே இருக்கையில் ஒருவரை ரொம்ப நாள் விடமாட்டார்கள். யார் மேலும் சந்தேகம் இருப்பதால் அல்ல. சந்தேகத்துக்கே இடம் வரக் கூடாது என்பதால். சீட்டு மேஜையில் கலைப்பு, கணக்கு, பணம் மூன்றும் எல்லார் கண் முன்னாலும் இருந்தன. ஆட்டம் திரைக்குப் போனபோது இந்த மூன்றும் ஒரே கம்பெனியின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. நான் சொல்ல வந்த வேறுபாடு இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து பிறந்த கிளைகள்.

நடுவில் லாஸ் வேகாஸ் காலம் ஒன்று உண்டு. 1970-ல் பின்னியன் என்பவரின் சூதாட்ட விடுதியில் உலகப் போக்கர் போட்டி தொடங்கியது. முதல் ஆண்டு சாம்பியனை ஆடியவர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்! விடுதிகளில் சீட்டுப் போட சம்பள ஆள் வந்தார். அவர் மேஜையை விட்டு எழும்போது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். விடுதி தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும், ஆனால் எடுப்பது உங்கள் கண் முன்னால் நடக்கும்.

1998 ஜனவரி 1 அன்று பிளானட் போக்கர் என்ற இணையதளம் நிஜப் பணத்துக்கு ஆட்டம் நடத்தத் தொடங்கியது. அதுதான் முதல் தளம். ஆடுபவர்களுக்கு வந்த முதல் கேள்வியும் நாம் கேட்கும் அதே கேள்வி: சீட்டைக் கலைப்பது யார்? தளத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்த கம்பெனி, எங்கள் கலைப்பு நேர்மையானது என்று காட்டுவதற்காகக் கலைக்கும் முறையையே இணையத்தில் வெளியிட்டது. நல்ல எண்ணம்தான். 1999-ல் அமெரிக்காவில் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றின் பொறியாளர்கள் அதை எடுத்துப் படித்தார்கள்.

52 சீட்டை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் 68 இலக்க எண் வரும். கணினி நம்மைப் போலக் குலுக்காது. அதற்கு ஒரு தொடக்க எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணிலிருந்து ஒரு வரிசை பிறக்கும். அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே வரிசை திரும்ப வரும். இந்த மென்பொருள் தொடக்க எண்ணாக எடுத்துக்கொண்டது நள்ளிரவிலிருந்து எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்பதை. ஒரு நாளில் இருப்பதே 8 கோடியே 64 லட்சம் மில்லி செகண்ட்தான். 68 இலக்க எண் எங்கே, எட்டரைக் கோடி எங்கே! தளத்தின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தைப் பொருத்தியதும் அதுவும் சுருங்கிச் சுமார் 2 லட்சமாகிவிட்டது. தன் கையில் இருக்கும் 2 சீட்டு, மேஜையில் திறந்த 3 சீட்டு, இந்த ஐந்தையும் கொடுத்தால் போதும். எல்லார் கையிலும் என்ன இருக்கிறது, அடுத்து என்ன வரப்போகிறது என்று அவர்களின் நிரல் அப்போதே சொல்லிவிட்டது. நல்லவர்கள், பணம் பண்ணவில்லை. கம்பெனிக்குச் சொன்னார்கள், அது முறையை மாற்றியது. இதே ஓட்டையை வாயைத் திறக்காத ஒருவர் கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மக்கள் யோசிக்கவில்லை. காரணம் 2003. டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர் ஒருவர், பெயர் கிறிஸ் மணிமேக்கர் (புனைபெயர் இல்லை, குடும்பப் பெயரே அதுதான்), 86 டாலர் கட்டி இணையத்தில் தகுதிச் சுற்று ஆடினார். அதில் வென்று, 10,000 டாலர் நுழைவுக் கட்டணமுள்ள உலகப் போட்டிக்குப் போனார். 838 பேரைத் தாண்டி 25 லட்சம் டாலர் பரிசு பெற்றார். தொழில்முறை ஆட்டக்காரர் இல்லை, ஒரு அலுவலக மனிதர்! தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கெல்லாம் நாமும் ஆடினால் என்ன என்று தோன்றிவிட்டது. மறு ஆண்டு போட்டிக்கு வந்தவர்கள் 2,576. 2006-ல் 8,773. நம் ஊரில் லாட்டரி இருந்த காலத்தில் பரிசு விழுந்தவரின் படத்தைக் கடை வாசலில் ஒட்டி வைப்பார்களே, அதே உத்தி. சீட்டு வாங்கித் தோற்றவர்கள் படத்தை யாரும் ஒட்டியதில்லை.

வேகத்தையும் சொல்ல வேண்டும். நேரில் ஆடும் மேஜையில் மணிக்கு ஏறக்குறைய 30 ஆட்டம் நடக்கும். கலைக்க வேண்டும், வெட்ட வேண்டும், போட வேண்டும், நடுவில் ஒருவர் டீ கேட்பார். திரையில் ஒரே மேஜையில் 60-க்கு மேல். அதோடு ஒரே ஆள் நாலு மேஜையில் ஒரே நேரத்தில் ஆடலாம். ஆட்டத்துக்கு உங்கள் பங்குக் கமிஷன் 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நேரில் மணிக்கு 30 ரூபாய், நாலு மேஜைத் திரையில் 240 ரூபாய். ஜெயித்தாலும் தோற்றாலும் இது போய்க்கொண்டே இருக்கும். மேஜையில் நாலு பேர் எழுந்து போனால் ஆட்டம் முடிந்தது. திரையில் யாரும் எழுந்து போவதில்லை.

இனி உள்ளிருந்தே நடந்த மோசடி. 2007-ல் அப்சல்யூட் போக்கர் என்ற தளத்தில் ஒரு போட்டி. முதல் பரிசு பெற்றவர் ஆடிய விதம் நம்பும்படியாக இல்லை என்று சந்தேகம் வந்தது. தோற்ற ஒருவர், நான் ஆடிய ஆட்டங்களின் பதிவைக் கொடுங்கள் என்று தளத்திடம் கேட்டார். அவர்கள் அனுப்பிய எக்செல் கோப்பில் அவர் பதிவு மட்டும் இல்லை. எல்லாருடைய சீட்டுகளும், யார் எந்த இணைய முகவரியிலிருந்து வந்தார்கள் என்பதும் இருந்தன. தவறி அனுப்பினார்களா, உள்ளே இருந்த மனசாட்சி உள்ள ஊழியர் யாராவது தெரிந்தே அனுப்பினாரா, கடவுளுக்கே வெளிச்சம். ஆட்டக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார்கள். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஒரு பார்வையாளர் கணக்கு மேஜைக்கு வருகிறது. அது வந்ததிலிருந்து அந்த வெற்றியாளர் எதிராளி பலவீனமாக இருக்கும்போது விலகுவதே இல்லை. பலமாக இருந்தால் உடனே விலகிவிடுகிறார். பார்வையாளர் கணக்குக்கு எல்லார் சீட்டும் தெரிந்திருக்கிறது. அது தளத்தின் உள் ஆட்களின் கணக்கு.

அதன் சகோதரத் தளமான அல்டிமேட் பெட்டிலும் இதே கதை, இன்னும் பெரிதாக. 2008-ல் உரிமம் வழங்கிய ஆணையம் விசாரித்து, பல ஆண்டுகளாக இது நடந்ததைக் கண்டுபிடித்தது. இதில் முக்கியப் பங்கு என்று ஆணையம் சொன்ன ஆள் 1994-ஆம் ஆண்டின் உலகச் சாம்பியன். அந்த ஆண்டு போட்டியின் வெள்ளி விழா என்பதால் பரிசுப் பணத்தோடு துலாபாரம் போல அவர் எடைக்கு எடை வெள்ளியும் கொடுத்திருந்தார்கள்! ஆட்டக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்த தொகை 2.2 கோடி டாலருக்கு மேல். கெப்ளிங்கர் பிடிபட்டது மூன்று பேர் கையைப் பிடித்ததால். இவர்கள் பிடிபட்டது ஒரு பேரேடு வெளியே வந்ததால். பேரேடு யார் கையில் இருந்தது என்பதுதான் விஷயம்.

பணத்தின் கதை இதைவிட மோசம். 2006 அக்டோபரில் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. ஆடுபவரை அது தொடவில்லை. சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்குப் பணம் போகும் வங்கி வழியை அடைத்தது. சில தளங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறின. சில தங்கின. தங்கியவை, அரசின் குற்றப்பத்திரிகைப்படி, நகைக் கடை, கோல்ஃப் பந்துக் கடை என்ற பெயரில் பணத்தை வங்கிகள் வழியாக ஓட்டின. 2011 ஏப்ரல் 15 அன்று மூன்று பெரிய தளங்களின் இணைய முகவரிகளை அரசு முடக்கியது. போக்கர் உலகில் அதைக் கறுப்பு வெள்ளி என்கிறார்கள்.

அதன் பிறகுதான் ஃபுல் டில்ட் என்ற தளத்தின் கணக்கு வெளியே வந்தது. 2011 மார்ச் 31 அன்று ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. மீதி? நான்கு ஆண்டுகளில் 44 கோடி டாலருக்கு மேல் உரிமையாளர்களுக்குப் போயிருந்தது. இன்னொரு விஷயம் என்னை மாதிரி ஆட்களுக்குத் தூக்கம் வராமல் செய்யும். வங்கிகளிலிருந்து பணம் வசூலாகாத நிலையிலேயே ஆட்டக்காரர் கணக்கில் வரவு வைத்துக்கொண்டே இருந்தார்கள், சுமார் 13 கோடி டாலர் வரை. இல்லாத பணத்தை வைத்து ஆடினார்கள், ஒருவர் தோற்க இன்னொருவர் ஜெயித்தார், ஜெயித்தவர் திரையில் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அமெரிக்க அரசு வழக்கறிஞர் பிரீத் பராரா (பஞ்சாபில் பிறந்தவர்) இதைப் போன்சி மோசடி என்றே சொன்னார். தொண்ணூறுகளில் நம் தமிழ்நாட்டில் ஃபைனான்ஸ் கம்பெனி வாசல்களில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1997-ல் வைப்பீட்டாளர் நலனுக்கென்று மாநில அரசு தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே நாளில் முடக்கப்பட்ட போக்கர் ஸ்டார்ஸ் ஆட்டக்காரர் பணத்தைத் தன் பணத்தோடு கலக்காமல் தனியாக வைத்திருந்தது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குச் சீக்கிரமே திருப்பிக் கொடுத்தது. 2012-ல் அரசோடு 73.1 கோடி டாலருக்குச் சமரசம் செய்து, ஃபுல் டில்ட்டையும் எடுத்துக்கொண்டு, அதன் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு 18.4 கோடி டாலரைக் கொடுத்தது. அமெரிக்கர்களில் பலருக்கு ஃபுல் டில்ட் பணம் கைக்கு வர 2014 ஆனது.

மேஜை ஆட்டம் என்ன, சத்திய சந்தர்களின் சபையா? 1876-ல் வைல்ட் பில் ஹிக்காக் என்ற புகழ்பெற்ற துப்பாக்கி வீரர் டெட்வுட் ஊரில் போக்கர் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து சுடப்பட்டு இறந்தார். இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து மூன்றாமவரை மொட்டையடிப்பது மேஜையிலும் உண்டு. நேரில் ஆடியதற்குப் பதிவு கிடையாது; திரையில் ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவு உண்டு. அந்தப் பதிவை வைத்துத்தானே திருடனையே பிடித்தார்கள்? ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பது மனிதன் என்பதையாவது மேஜையில் நம்பலாம். 2017-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், நாலு முன்னணி ஆட்டக்காரர்களோடு 20 நாள், 1,20,000 ஆட்டம் ஆடித் தோற்கடித்தது. 2019-ல் ஆறு பேர் மேஜையிலும் ஒரு நிரல் ஜெயித்தது. பாவ்லா காட்டவும் அதற்குத் தெரியும். திரையில் ஒரு பட்டப் பெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார், எது இருக்கிறது என்பதற்கு நமக்கு என்ன சாட்சி?

நம் நாட்டுக்கு வருவோம். ரம்மி திறமையாட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1968 தீர்ப்பில். செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியவர்கள் மேல் போடப்பட்ட வழக்கு அது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது, எதைப் போடுவது என்று தீர்மானிக்க வேண்டும், ஆகவே மூணு சீட்டு மாதிரி இது முழு அதிர்ஷ்டம் இல்லை என்றது நீதிமன்றம். அது பார்த்தது நாலு பேர் கலைத்து வெட்டிய சீட்டுக்கட்டை. ஐம்பது ஆண்டுகள் கழித்துச் செயலிக் கம்பெனிகளும் அதே தீர்ப்பைக் கையில் பிடித்துக்கொண்டன.

தமிழ்நாடு 2020 நவம்பரில் அவசரச் சட்டம், பிறகு சட்டம். 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கடன் பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் பற்றிய செய்திகள் நிற்கவில்லை. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, மறுபடி சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, சட்டப்பேரவை மீண்டும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். செயலியில் சீட்டைக் கலைப்பது மென்பொருள், எதிரே இருப்பது இயந்திரமாகவும் இருக்கலாம், ஆகவே இது நேரில் ஆடுவது மாதிரி அல்ல என்று அரசு வாதாடியது. 2023 நவம்பர் 9 தீர்ப்பில் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது, ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் போட்ட தடையை ஏற்கவில்லை. அந்த அச்சத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. நீதிமன்றத்தின் மேல் மரியாதையோடு சொல்கிறேன், அமெரிக்காவில் அந்த அச்சத்துக்கு ஆதாரம் எக்செல் கோப்பாகவே இருந்தது.

பிறகு 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்ற மாநில விதிகளை ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் ஏற்றது. அது நடைமுறையில் பழகுவதற்குள் நாடாளுமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றி, ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய கேள்வியையே அது கேட்கவில்லை. பணம் கட்டி இணையத்தில் ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் தடை. நடத்துவதும் குற்றம், விளம்பரமும் குற்றம், வங்கிகள் பணப் பரிமாற்றத்துக்கு உதவுவதும் கூடாது. ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. எதிர்த்துப் போட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன.

சட்டம் வந்ததும் பெரிய செயலிகள் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கணக்கில் இருக்கும் மீதியை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தன. நம் குடியிருப்பில் யார் வீட்டிலாவது, பெரும்பாலும் பிள்ளைகள் போனில், அப்படி மீதி கிடந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாற்றும் முன் கணக்கு அறிக்கையைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வருமான வரிக் கணக்குக்கும் அது தேவைப்படும். கேஒய்சி விவரம் கேட்டுச் சிக்கினால் மாலை 5 மணிக்கு மேல் நூலக அறையில் இருப்பேன், உட்கார்ந்து சரிசெய்து தருகிறேன். பிள்ளைகள் தனியாக வந்தாலும் சரி. எவ்வளவு போனது என்று கேட்க மாட்டேன்.